காங்கேசன்துறையில் ஒரு வீடு



“யாழ்ப்பாணம் போகிறோம்” என்று சொன்னால் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி, “அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்பதுதான். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. நாகூரில் இருந்துகொண்டு, பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் போகிறது என்று தினமும் கேட்டுக்கொண்டே இருப்பதில் ஏற்பட்ட ஆசை, அவ்வளவுதான். என் வாப்பா காலத்தில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் இராமேசுவரம் வரை ரயிலில் போய், தலைமன்னாருக்குக் கப்பலேறுவார்களாம். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு வீட்டு வாசலிலேயே கப்பல் நின்றால் சும்மா இருக்க மனம் வருமா?

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கியது. ‘செரியபாணி’ என்பது அப்போது வந்த கப்பலின் பெயர். சில நாட்கள் ஓடியதும் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தி விட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்ட் 16ஆம் நாள் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப ஓடத் தொடங்கியது. இந்த நிற்பதையும் ஓடுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் குடும்பத்தின் வரவு செலவே அதில்தான் இருக்கிறது.

நானும் மனைவியும் 2025 ஜூலையில் போனோம். ஏறத்தாழ நூற்றைம்பது பேர் உட்காரக்கூடிய கப்பல். கடலுக்குள் போனதும் சிலருக்குக் குமட்டல் எடுத்தது. என் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியவள் கரை தெரியும்வரை திறக்கவில்லை. நாலு மணி நேரப் பயணம். முதலில் தெரிவது 1893இல் எழுப்பிய பழைய வெளிச்ச வீடு. அதற்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஓசை இல்லாமல் நிற்கிற பெரிய பெரிய கட்டடங்கள். அது என்ன என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். “சீமெந்து ஃபக்டரி” என்றார். நாம் சிமெண்ட் என்பதை அங்கே சீமெந்து என்கிறார்கள்.

குடிவரவு, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வந்தால் ஆட்டோக்கள் நிற்கின்றன. அங்கே ‘ஓட்டோ’. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், சட்டை மடிப்புக் கலையாமல், சற்றே கூச்சத்தோடு, “ஐயா, யாழ்ப்பாணமோ?” என்றார். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. இவர் தள்ளி நின்று கேட்டது என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. ஏறினோம். கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை.

“குறை நினைக்காதேங்கோ அம்மா. வழியிலதான் எங்கட வீடு. மேசன் காத்துக்கொண்டு நிக்கிறார். ரெண்டு நிமிசம் நிப்பாட்டி இதை இறக்கிப் போட்டு ஓடிவாறன்” என்றார்.

ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை. அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் நாங்கள் காங்கேசன்துறைக்குள் போனோம். அந்த இரண்டு நிமிடம் மாலை வரை நீண்டது. யாழ்ப்பாண நகரத்தை அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை.

துறைமுகத்திலிருந்து தெற்கே போகிற பாதையில் மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. வெங்காயம், புகையிலை, வாழை எல்லாம் விளைகிற மண். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. அடியில் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையின் பொந்துகளில் மழைநீர் இறங்கித் தங்கும். கிணற்றில் எடுத்து இறைக்க வேண்டும். அப்படி இறைத்து இறைத்தே பிழைத்த குடும்பம்தான் அந்த ஓட்டோக்காரரின் குடும்பம். அவருடைய பாட்டனார் தோட்டக்காரர். தகப்பனார் சீமெந்துத் தொழிற்சாலை வேலைக்காரர். இவர் ஓட்டோ ஓட்டுகிறார். மூன்று தலைமுறையில் மூன்று தொழில், அதே வளவில் மூன்று வீடு. (வளவு என்பது நம் பக்கத்துக் கொல்லையும் வாசலும் சேர்ந்த மனை.)

நாங்கள் இறங்கியதும் வாசலுக்கு வந்தது அவருடைய தாயார். எழுபத்தைந்து வயதிருக்கும். என் மனைவியின் முக்காட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “வா பிள்ளை, வெயிலுக்க நிக்காத” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். பின்னே ஓட்டோ எப்படிக் கிளம்பும்?

அந்த அம்மா சொன்ன கதையை நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில், 1950இல், இந்தத் தொழிற்சாலை எழுந்தது. காலுக்கடியில் இருந்த சுண்ணாம்புக் கல்லை வெடி வைத்து உடைத்தார்கள். மன்னார் பக்கத்து முருங்கனிலிருந்து களிமண் ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்துப் பெரும் சூளையில் ஆயிரத்து நானூறு பாகைக்கு மேல் சுட்டால் கட்டி கட்டியாக வரும். அதோடு ஜிப்சம் சேர்த்து மறுபடி அரைத்தால் சீமெந்து. சூளையை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது பற்றவைக்க முடியாது. இரவும் பகலும் எரிய வேண்டும். அதனால் வேலையும் இரவு பகலாகப் பங்கு போடப்பட்டது.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் இறைத்து, சூரியன் ஏறியதும் வீட்டுக்கு வந்து பழஞ்சோறு சாப்பிட்டுப் படுக்கிற ஊருக்கு இது எப்படி இருந்திருக்கும்? “சங்கு ஊதினால் போகோணும், சங்கு ஊதினால் வரோணும். மாமா அவரைப் பேசிக்கொண்டே இருந்தவர். ‘கூலிக்குப் போறியோ, சொந்தக் கிணறு இருக்க’ எண்டு” என்றார் அந்த அம்மா. கணவர் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து தகப்பனார் கையில் கொடுத்தாராம். அவர் அதை எண்ணிப் பார்க்காமல் சுவாமி படத்தடியில் வைத்துவிட்டு, வெங்காயப் பாத்திக்குப் போய்விட்டாராம். இரண்டாம் மாதம் எண்ணினாராம். மூன்றாம் மாதம், சம்பளம் எந்தத் தேதி என்று கேட்டாராம்! இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சம்பளம் வந்ததும் வீடு மாறியது. அதுவரை மண் சுவர், மேலே கிடுகு. தென்னோலையைப் பின்னி வேய்வதைத்தான் கிடுகு என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அதற்கு நேரம் ஏது? கல் சுவர் வைத்து, சீமெந்துத் தரை இழுத்து, ஓடு போட்டார்கள். அறை அறையாகத்தான் கட்டினார்கள். ஓர் ஆண்டு முன் விறாந்தை, மறு ஆண்டு குசினி. (குசினி என்றால் சமையலறை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.) எல்லாம் முடியப் பன்னிரண்டு ஆண்டு ஆனதாம். குசினிக்கு மட்டும் நிறம் சேர்த்த சீமெந்துத் தரை. சிவப்பு. “கால் வைச்சால் வழுக்கும். அப்பிடித் தேச்சு வைச்சிருந்தன்” என்று உள்ளங்கையால் காற்றில் தேய்த்துக் காட்டினார்.

1990 ஜூனில் எல்லாம் முடிந்தது. போர் மறுபடி மூண்டு, வலிகாமம் வடக்கு மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தொழிற்சாலை நின்றது. ரயிலும் அதே மாதம் நின்றது. 1956இலிருந்து கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடிக்கொண்டிருந்த ‘யாழ்தேவி’ அதற்குப் பிறகு இந்த ஊரைப் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று. இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. நம் ஓட்டோக்காரருக்கு அப்போது ஏழு வயது. சுன்னாகம் பக்கம் ஒரு தெரிந்தவர் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள், நாலு மாதத்துக்கென்று. இருபத்தேழு ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். 1995இல் ஊரே திரண்டு தென்மராட்சிக்கு ஓடியபோது ஓடி, திரும்பி அதே கொட்டிலுக்கே வந்தார்கள். தகப்பனார் அங்கேதான் கண்ணை மூடினார். தொழிற்சாலை அடையாள அட்டையைக் கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தாராம்.

போர் 2009இல் முடிந்த பிறகும் உடனே திரும்ப முடியவில்லை. காணிகளைக் கட்டம் கட்டமாகத்தான் விட்டார்கள். இன்றைக்கும் எல்லாருடைய நிலமும் திரும்பிவிடவில்லை. இவர்களுக்கு 2017இல் கிடைத்தது. வந்து பார்த்தபோது பாதையும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை. ஓடு இல்லை, கதவு, நிலை, யன்னல் ஒன்றும் இல்லை. உயிர் போன உடம்புபோல நாலு சுவர். உள்ளே வேப்பமரம், மேலே பார்த்தால் வானம். இது நம்முடையதுதானா என்று மகன் தயங்கி நிற்க, தாயார் குனிந்து சருகைக் கையால் ஒதுக்கினாராம். அடியில் சிவப்புத் தரை. “இஞ்சதான் அடுப்பு” என்றாராம்.

அரசாங்கத்தின் வீட்டுத்திட்டத்தில் எட்டு லட்சம் ரூபாய் கிடைத்தது. இலங்கை ரூபாய், அன்றைய மதிப்பில் நம்முடையது ஏறத்தாழ மூன்றரை லட்சம். இதற்கு முன் 2012 முதல் நம் இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட பல்லாயிரம் வீடுகளுக்கு, வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பழுது பார்க்க இரண்டரை லட்சம். இந்தத் திட்டங்களின் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் வீட்டுக்காரர் கையிலேயே பணத்தைத் தருகிறார்கள். ஆனால் மொத்தமாக அல்ல. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு. அதிகாரி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். பணம் வீணாகாது என்பது உண்மை. மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

இன்னொன்றுக்கும் இடமில்லை. வீடு கட்ட வந்தவன் தினமும் சாப்பிட வேண்டுமே! சுன்னாகத்தில் இவர் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டார். மற்ற நாட்களில் கூலி வேலை. மனைவிக்கு அங்கே தையல் வேலை, வாடிக்கையாளர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். சொந்த ஊர் திரும்புவது என்றால் இத்தனையையும் விட்டு வருவது என்று அர்த்தம். அவர் மனைவி இதை மறைக்காமல் சொன்னார்: “அக்கா, இவைக்கு இது சொந்த ஊர். எனக்கு இது கலியாணம் முடிச்சுப் பத்து வருசத்துக்குப் பிறகு வந்த காடு. அங்க சட்டை தைக்க ஆள் வரும். இஞ்ச வாறது மயில்.”

வாசகர்களே, நம் பக்கத்துச் சபராளிகளை எண்ணிப் பாருங்கள். வேலைக்காக வீட்டை விட்டுப் போகிறார்கள். சம்பாதித்து அனுப்பி வீட்டைக் கட்டுகிறார்கள். இங்கே தலைகீழ். வீட்டுக்காக வேலையை விட்டு வந்தார்கள்.

எட்டு லட்சத்தில் சுவரும் கூரையும் வந்தன. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. பூச்சு வேலை இல்லை. சிவப்புத் தரையை உடைத்துத்தான் புது அத்திவாரம் போட வேண்டியிருந்தது. திட்டத்தின் வரைபடம் பழைய வீட்டோடு ஒத்துப்போகவில்லையாம். உடைத்த துண்டு ஒன்றைத் தாயார் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் பார்த்தேன். இன்னமும் வழவழப்புப் போகவில்லை.

மணலுக்கும் பாடுதான். கடற்கரையில் குடியிருந்தாலும் கடல் மணலைச் சுவருக்குப் போடக் கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். வடமராட்சி கிழக்குப் பக்கமிருந்து அனுமதியோடு டிப்பரில் வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பூசலாம் என்று இருந்தபோது 2022 வந்தது. இலங்கையில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை என்று நாமும் செய்தியில் பார்த்தோமே, அந்த ஆண்டு. ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்து மூட்டை இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. பூச்சு நின்றது.

இவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அதைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “பாருங்கோ ஐயா, எங்கட அப்பு காணிக்குக் கிட்டக் கல்லுடைச்சுத்தான் நாடு முழுக்கச் சீமெந்து போனது. உந்தக் கிடங்கெல்லாம் அந்தக் கிடங்குதான். இண்டைக்கு நான் புத்தளத்தில அரைச்ச சீமெந்தைக் காசு குடுத்து வாங்கிறன்.”

அவர் காட்டிய திசையில் பெரிய பள்ளங்கள், அடியில் நீர் தேங்கி, சுற்றிலும் புதர். அதன் ஓரத்தில் ஒரு கூட்டம் ஆடு.

புது வேலை 2023இல் வந்தது. துறைமுகத்தில் பயணிகள் முனையம் திறக்கிறார்கள், இந்தியாவிலிருந்து கப்பல் வரப்போகிறது என்று பேச்சு. இவர் ‘லீசிங்’ போட்டுப் பழைய ஓட்டோ ஒன்றை எடுத்தார். மாதத் தவணை. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய வண்டிக்கும் புது வண்டி விலை. அக்டோபரில் கப்பல் வந்தது. மூன்று சவாரி ஓடினார். கப்பல் நின்றுவிட்டது! தவணை நிற்குமா? அந்தப் பத்து மாதமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடேஸ்வராக் கல்லூரிக்கு ஏற்றி இறக்கியும், கீரிமலைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்களை ஏற்றியும் தவணையைக் கட்டியிருக்கிறார். கட்ட முடியாத இரண்டு மாதம் மனைவியின் வளையல் போனது.

வேலை மாறினால் உடம்பும் மாற வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த முதுகு, உட்கார்ந்தே இருப்பதில் வலிக்கிறதாம். பேசத் தெரியவில்லையாம். வெங்காயத்தோடு பேச வேண்டியதில்லை. இந்தியாக்காரரோடு பேசாவிட்டால் சவாரி போய்விடும். “டீக்கடை எங்கே எண்டு கேப்பினம். நான் முழிப்பன். பேந்துதான் விளங்கிச்சு, தேத்தண்ணிக் கடை.” யாழ்ப்பாண நகரத்துத் தெருக்களும் சரியாகத் தெரியாதாம். கப்பல் இல்லாத நாளில் தனியே ஓட்டிப் போய்ப் பழகிக்கொண்டாராம். இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. இறைப்பதற்குத் தோட்டம் இல்லை. எழுந்து வண்டியைக் கழுவுகிறார். அதனால்தான் துறைமுகத்தில் அந்த வண்டி மட்டும் அப்படிப் பளபளத்தது!

இதற்குள் ளுஹர் நேரம் கடந்துகொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அந்தத் தாயார் எப்படிப் புரிந்துகொண்டாரோ, “தொழப் போறியளோ ஐயா?” என்றார். கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தார் மருமகள். ஒளுச் செய்துவிட்டு வந்தால் உள்ளறையைக் கூட்டித் துடைத்து, வெளுத்த வேட்டி ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். திசையைக் கேட்டபோது மகன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னார். பூசாத சுவரின் கல் இடுக்குகளைப் பார்த்தபடி தொழுதேன்.

தேநீருக்குப் பிறகுதான் வீட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு எங்கள் முன் வந்தது.

மேசன் காத்துக்கொண்டிருந்தது பூச்சு வேலைக்கு அல்ல. வளவின் முன்பக்கம் புதிதாக ஓர் அறை எழுப்புவதற்கு. குளியலறையோடு கூடிய அறை. கப்பலில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குறைந்த செலவில் தங்க இடம் கேட்கிறார்கள்; நாளுக்கு ஓர் அறை விட்டால் பத்துச் சவாரிக்குச் சமம். மழைக்காலத்தில் கப்பல் நின்றாலும் கீரிமலைக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்கள் தங்குவார்கள். இது அவர் கணக்கு. கொப்பியில் எழுதியே வைத்திருந்தார்.

மனைவியின் கணக்கு வேறு. “எட்டு வருசமாக் குசினி பூசேல்லை. மழைக்குச் சுவர் ஊறுது, அரிசி பூஞ்சணம் பிடிக்குது. கறையான் வேற. இதுக்கு இல்லாத சீமெந்து, ஆரெண்டு தெரியாத சனம் படுக்கிற அறைக்கு இருக்குதாம். கப்பல் நிண்டால் அந்த அறைக்குள்ள ஆர் படுக்கிறது? மயிலோ?”

தாயார் இரண்டு பக்கமும் பேசவில்லை. “நாங்களும் ஒவ்வொரு அறையாத்தான் கட்டினனாங்கள்” என்று மட்டும் சொன்னார். இதை மகன் தன் பக்கமாகவும் மருமகள் தன் பக்கமாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

“அக்கா, நீங்க சொல்லுங்கோ” என்று மருமகள் என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். “இந்தியாவில இருந்து வாற ஆக்கள் நீங்கள். உங்களுக்கு என்ன வேணும்? ஏசியோ, டீவியோ?”

என் மனைவி யோசித்தாள். நாலு மணி நேரம் கப்பலில் வந்தவளுக்கு என்ன வேண்டுமாம் தெரியுமா? வாளி நிறையத் தண்ணீரும் தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவும் உள்ள கழிப்பறை. பிறகு ஒரு மின்விசிறி. வேறொன்றும் வேண்டாம் என்றாள். அந்த அளவோடு கட்டினால் மூட்டைகள் மிஞ்சும். அந்த மூட்டைகளில் குசினியின் அடுப்புப் பக்கத்துச் சுவரையாவது முதலில் பூசுங்கள் என்றாள். மகன் கொப்பியை எடுத்து ஏசியை அடித்தார். ஓடு பதிப்பதை அடிக்கும்போது கொஞ்சம் தயங்கினார். பிறகு அதையும் அடித்தார்.

எனக்கு வேறு கருத்து. சம்பாதிக்கிற அறை முதலில் எழும்பினால் அதுவே குசினியைப் பூசித் தரும். இருக்கிற மூட்டையைப் பங்கு போட்டால் இரண்டும் பாதியில் நிற்கும். வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னேன். “நீங்கள் அந்தக் குசினியில் ஒரு மழைக்காலம் சமைத்துப் பாருங்கள்” என்றாள். வாசகர்களே, குறிப்பாகச் சகோதரிகளே, நீங்கள் யார் பக்கம்?

மறுநாள் யாழ்ப்பாண நகரம் போனோம். நல்லூர், கோட்டை, பொது நூலகம் எல்லாம் பலரும் எழுதியவை, நான் எழுதவில்லை. சோனகத்தெருப் பக்கம் போனதைச் சொல்லாமல் விட முடியாது. 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டது நீங்கள் அறிந்ததே. காங்கேசன்துறைக்காரர்கள் ஊரை விட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மிகப் பலர் புத்தளத்தில் குடிசை போட்டார்கள். போருக்குப் பின் சிலர் திரும்பியிருக்கிறார்கள். பள்ளிவாசல்களில் ஜமாஅத் நடக்கிறது, ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் கூரையில்லாத சுவர்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மரம் முளைத்திருக்கிறது. தொழுகை முடிந்து ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மகன்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “கடை புத்தளத்தில, வீடு இங்க. கடையைத் தூக்கிக்கொண்டு வர ஏலுமா தம்பி?” என்றார். எங்கள் ஓட்டோக்காரர் வெளியே வண்டியருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. சுன்னாகம் தாண்டியதும், “அவையும் எங்களைப் போலத்தான் ஐயா. நாங்கள் கிட்டக் கிடந்தம், அவை தூரக் கிடந்தவை” என்றார்.

இன்னொரு நாள் ரயிலிலும் ஏறிப் பார்த்தோம். 2015 ஜனவரியிலிருந்து மறுபடியும் காங்கேசன்துறை வரை வண்டி வருகிறது. கடற்கரையை ஒட்டியே கடைசி நிலையம். மாவிட்டபுரத்தில் ஏறி இங்கே இறங்கிய ஒரு பாட்டியும் பேரனும் அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். சும்மா ஏறிப் பார்க்க வந்தார்களாம், எங்களைப் போலவே.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கப்பல் புறப்படுகிற நாட்கள் மாறுகின்றன, முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம்பிக் கிளம்பாதீர்கள். எலுமிச்சம்பழம் மறக்க வேண்டாம்.

நாங்கள் திரும்பும் நாள் காலை, அவரே துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார். வழியில் வீட்டில் நிறுத்தினார். முன் அறைக்கு அத்திவாரம் வெட்டியிருந்தது. குசினிக்குள் கூட்டிப்போய்க் காட்டினார் மருமகள். அடுப்புப் பக்கச் சுவர், தோள் உயரம் வரை பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. தாயார் அதில் கையை வைக்கப் போக, “மாமி, கை வைக்காதேங்கோ!” என்று மருமகள் கத்தினார்.

மழைக்கு முன் அறை முடிந்துவிடும், அடுத்த முறை வந்தால் இங்கேதான் தங்க வேண்டும் என்றார் அவர். வாடகை எவ்வளவு வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“உங்களுக்கு வாடகையோ ஐயா? சும்மா வந்து இருங்கோ.”

அது சரிப்படாது தம்பி, லீசிங்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா என்றேன். கொப்பியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தொகையைச் சொன்னார். என் மனைவி அதில் பாதியைக் கேட்டாள். அதற்குள் கப்பலுக்கு வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.